அத்துவுட்டது செடியைத்தான்

எலவனாசூர்கோட்டை, கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி நாராயணசாமி அவர்களுக்கும், சம்பந்தியம்மாவுக்கும், மாப்பிள்ளை வெங்கடேசனுக்கும், மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து பிச்சைமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டுமாம், எழுதிவிட்டேன். மற்றபடி எனக்கு முழங்காலில் வீக்கம், என் சம்சாரம் அமிர்தத்துக்கு மூச்சிரைப்பு, பசுமாடு சினை நிற்கவில்லை, கரும்பு வெட்ட ஆள் வரவில்லை, ஆடி அழைப்புக்கு வந்த எங்கள் மகள், உங்கள் மருமகள் இலக்கியா, மார்கழி பிறந்தும் இங்கேயேதான் இருக்கிறாள். அங்கே உங்கள் வீட்டில் ஆடுமாடு முதற்கொண்டு எல்லோரும் நன்றாக இருக்க எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்கு லெட்டர் என்று நினைப்பீர்கள். போனில் சொல்லித்தான் இந்தக் கதிக்கு வந்தோம். அதுவும் போக, மாப்பிள்ளைக்குப் போன் போட்டால் ரெண்டு முறை அடித்துவிட்டு நின்றுவிடுகிறது, உங்களுக்குப் போட்டால் ஒரு பொம்பளை இங்கிலீஷில் ஏதோ சொல்கிறாள், அது சம்பந்தியம்மா குரல் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. நான் மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், கருத்து நேராக இருக்கும். இலக்கியா எம்.எஸ்சி. படித்தவள், அவளை எழுதச் சொல்லலாம். ஆனால் அவள் விஷயத்தை அவளையே எழுதச் சொல்வது ஆட்டைக் கூப்பிட்டு மசாலா அரைக்கச் சொல்வது மாதிரி என்று தோன்றியதால் நானே எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். நான் அத்துவுட்டது செடியைத்தான். உங்கள் பிள்ளையை இல்லை.

இதை ஒரு வரியில் சொன்னால் உங்களுக்கு விளங்காது, போன தைப்பொங்கலிலிருந்து வர வேண்டும். தலைப்பொங்கலுக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் இங்கே வந்தார்களே, அதற்கு முன்னே ஏற்காடு போய்விட்டு வந்தார்கள். அங்கே வாங்கிய ஒரு செடியைத் தொட்டியோடு இலக்கியா மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிக் கொண்டுவந்தாள். மேல் இலையெல்லாம் செக்கச்செவேல், கீழ் இலையெல்லாம் பச்சை. சம்பந்தி, நான் பூமியில் அறுபது வருஷமாக இருக்கிறேன், அப்படி ஒரு சிவப்பை மாரியம்மன் புடவையில்தான் பார்த்திருக்கிறேன். "பூவு இன்னா பெருசுங்க மாப்ள" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். "அது பூவே இல்ல மாமா, எல. நடுவுல மஞ்சளா மொளகு மாதிரி இருக்குது பாருங்க, அதான் பூவு" என்றார். "பேரு இன்னாங்க?" என்றேன். "பாயின்செட்டியா" என்றார். "எந்த ஊரு செட்டியாருங்க?" என்று நான் கேட்டதற்கு அன்றைக்கு வீடே சிரித்தது. அதிலிருந்து அந்தச் செடிக்கு எங்கள் வீட்டில் செட்டியார் என்றே பெயர். "செட்டியாருக்குத் தண்ணி ஊத்துனியா", "செட்டியார வெயில்லருந்து உள்ள இழு", இப்படி. நம் சங்கராபுரம் செட்டியார்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"உங்க வூட்டுல வெச்சுக்காம இன்னாத்துக்கு இங்க?" என்று அமிர்தம் கேட்டாள். அதற்கு மாப்பிள்ளை, "எங்கம்மா வாணாம்னுட்டுச்சி அத்த. வெளிய இருந்து வர்றது எதுவும் அதுக்கு ஆவாது" என்று தமாஷாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். இலக்கியா தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷமும் இதே மாதிரி செவந்து நிக்கணும் மாமா, உங்க பொறுப்பு" என்று மாப்பிள்ளை என் கையில் கொடுத்தார். பாருங்கள், பொண்ணை நான் அவர் கையில் கொடுத்தேன், செடியை அவர் என் கையில் கொடுத்தார். ரெண்டு பேரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்றுதான் அர்த்தம்.

மாசி பிறந்ததும் செட்டியாருக்குச் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் ரெண்டு இலை கீழே. மறுநாள் நாலு. வாடுகிறதே என்று தண்ணி ஊற்றினேன், மஞ்சளாகிக் கொட்டியது. தண்ணி ஜாஸ்தி என்று நிறுத்தினேன், சுருண்டு கொட்டியது. இந்தச் செடிக்குக் கோவிச்சுக்கறதுக்கு ஒரு காரணம் போதும், ஊற்றினாலும் சரி, ஊற்றாவிட்டாலும் சரி. கொட்டிய இலையை எங்கள் வெள்ளாடு தின்றுவிட்டு, வாயில் நுரையோடு ஒருநாள் முழுக்க யாரிடமும் பேசாமல் நின்றது. அந்த ஆடு அதற்கு முன்னே நல்ல கலகலப்பான ஆடு. பங்குனி முடிவதற்குள் செட்டியார் வெறும் குச்சி. அமிர்தம் அதில் ஈரத்துணி காயப் போட ஆரம்பித்தாள். "மாப்ள குடுத்ததுடி" என்றால், "மாப்ள பூவோட குடுத்தாரு, நீ குச்சியாக்கி வெச்சிருக்க, குச்சிக்கு இன்னா மரியாத?" என்பாள்.

மனசு கேட்காமல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு சங்கராபுரம் பஸ் ஏறினேன். கண்டக்டர், "பெரியவரே, குச்சிய எங்க கூட்டிம் போறீங்க, ஆஸ்பத்திரிக்கா?" என்றான். ஆமாம் என்றேன். நர்சரிக்காரர் நகத்தால் கீறிப் பார்த்தார், உள்ளே பச்சை. "உசுரு இருக்குது பெரியவரே. அடியில ஒரு சாண் வுட்டுட்டு மேல மொத்தத்தயும் அத்துவுடுங்க. எரக்கப்பட்டு வுட்டுவெச்சீங்க, பட்டுப்பூடும். அத்துவுட்டாதான் புதுசா துளுக்கும்" என்றார். என்னால் உடனே முடியவில்லை. மாப்பிள்ளை கொடுத்ததில் கத்தியை வைப்பதா என்று சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாசமும் கத்தியை எடுப்பேன், வைப்பேன்.

அதற்குள் ஆடி வந்தது. முறைப்படி சீர்த்தட்டோடு வந்து பொண்ணை அழைத்தோம், நீங்களும் முறைப்படி அனுப்பினீர்கள். உங்கள் வீட்டுக் கட்டுப்பாட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை எழுத வேண்டும், எழுதாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். பொழுது சாய்ந்ததும் தெருக்கதவைச் சாத்திவிடுவீர்களாமே, நல்ல பழக்கம், கொசு வராது. மருமகள் போன் சம்பந்தியம்மாவின் பீரோவில் இருக்குமாமே, அதுவும் நல்லதுதான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன் கையில் இருந்தால் கண் கெட்டுவிடுகிறது. பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று கேட்டதற்கு, "போயி இன்னா கிழிக்கப் போற, வூட்ல இரு" என்றீர்களாம். அக்கறை இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆடியில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை, வெயிலே படாமல் அப்படி வெளுத்திருந்தாள். தெருவில் எல்லோரும், "இலக்கியா நல்லா நெறமாயிட்டாளே, புருஷன் வூட்டு சோறு" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் வந்ததும் யாரோடும் பேசாமல் நேரே களத்துக்குப் போய் உச்சி வெயிலில் நின்றாள். மயக்கம் வந்துவிடும் என்று அமிர்தம் கத்தினாள். அவள் வரவில்லை.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு மனசைக் கல்லாக்கிக்கொண்டு செட்டியாரை அத்துவுட்டேன். அறுத்த இடத்தில் பால் வந்தது, சம்பந்தி, அப்படியொரு பால். துடைத்த கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன், கண் வீங்கிப் பனங்காய் ஆகிவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பார்வை சரியில்லை, பக்கத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரிவதில்லை. அந்த வீங்கின கண்ணோடு, மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று ஏரிக்கரை மேல் ஏறினேன், என் போனுக்கு அங்கேதான் சிக்னல். கீழே டிராக்டர் ஒன்று ரேடியோவை அலற விட்டுக்கொண்டு போகிறது. நான் கத்தி கத்திப் பேசினேன். பேசியதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"மாப்ள, மனசு கேக்கல. ஆனா இன்னிக்கி அத்துவுட்டுட்டேன்."

"இன்னா மாமா சொல்றீங்க?"

"அத்துவுட்டுட்டேன் மாப்ள! எரக்கப்பட்டு வுட்டுவெச்சா பட்டுப்பூடும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லிட்டாங்க. இனிமே புதுசா வரும். உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணுமில்ல?"

டிராக்டர் மட்டும் பேசியது. அப்புறம் மாப்பிள்ளை, "இலக்கியாவுக்குத் தெரியுமா?" என்றார். "அது பக்கத்துலதான் நின்னுகினு இருந்துச்சி, அதுதான் கத்தியவே எடுத்துக் குடுத்துச்சி" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்து, நல்லபடியாகத் தகவல் சொல்லிவிட்டேன் என்று அமிர்தத்திடம் சொல்லி, ஒரு சொம்பு மோர் குடித்தேன். அந்த மோர் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

நம் பக்கத்துப் பேச்சுக்கு இப்படி ஒரு சாபம். கொடியை அறுத்தாலும் அத்துவுடறதுதான், பஞ்சாயத்தில் உட்கார்ந்து புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து அனுப்பினாலும் அத்துவுடறதுதான். ரெண்டுக்கும் ரெண்டு வார்த்தை வைத்திருந்தால் இன்றைக்கு நான் இத்தனை பேப்பர் வீணாக்க வேண்டாம்.

ஆவணி வந்தது. பொண்ணை அழைத்துப் போக நீங்கள் வருவீர்கள் என்று பந்தல்காலுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தேன். யாரும் வரவில்லை. முகூர்த்தம் ஜாஸ்தி, வேலை இருக்கும் என்று நினைத்தேன். புரட்டாசியில் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில், இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்த நம் கந்தசாமியைப் பார்த்தேன். அவன் மூஞ்சி இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தது.

"இன்னா மாமா, அத்துவுட்டுட்டீங்களாமே?" என்றான்.

செடி விஷயம் அவன் வரைக்கும் போயிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். "ஆமாம்பா, ஆடிப்பெருக்கு அன்னிக்கே" என்றேன்.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"உனுக்கு இன்னாப்பா தெரியும் அதப்பத்தி? நர்சரிக்காரரு சொன்னாரு, செஞ்சேன். இப்ப சும்மா தளதளன்னு துளுத்துகினு நிக்குது. மூணு வந்துருக்குது."

"மூணா? அதுக்குள்ளயா?"

"மூணு. ரெண்டு நோஞ்சான், அத கிள்ளிப் போட்டுடுவேன். ஒண்ணு நல்லா தெடமா நிமுந்து நிக்குது, அதையே வெச்சுக்கலாம்னு இருக்கேன்."

கந்தசாமி தலையில் கை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான். "பொண்ணு இன்னா சொல்லுது மாமா?" என்றான். "அதுக்கு ஒரே குஷி, காலைல எழுந்ததும் அதும்மேலதான் மூஞ்சி முழிக்குது" என்றேன். வெயில் ஜாஸ்தி, பித்தம் போலிருக்கிறது என்று அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் ரேஷன் கடையிலிருந்து அமிர்தம் சர்க்கரையை விட்டுவிட்டு வெறும் பையோடு ஓடி வந்தாள். "யோவ், நம்ம பொண்ணுக்கு மூணு எடத்துலருந்து மாப்ள வந்துருக்குதாமே, ரெண்டு பேரு நோஞ்சானாம், ஒருத்தன் தெடமாம், ஊரே பேசுது, எனுக்குத் தெரியாம எவன்யா அது?" என்று அலறினாள். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. என் கண் இருட்டியது, ஏற்கனவே ஒரு கண் இருட்டித்தான் இருந்தது. இலக்கியாவைக் கூப்பிட்டு, "அம்மா, இந்தப் பாவி வாயால உங்குடும்பம் பூட்சிம்மா" என்று அழுதேன். அவளும் அழுவாள் என்று பார்த்தேன். அவள் சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது, சரியாகச் சொல்ல முடியாது, கண்ணில் பால் பட்டதிலிருந்து பார்வை அப்படி.

உடனே கிளம்பி உங்கள் வாசலில் விழுகிறேன் என்றேன். இலக்கியாதான் தடுத்தாள். "வெறுங்கையோட போயி செடியத்தான் சொன்னேன்னா யாருப்பா நம்புவாங்க? அது செவக்கட்டும். செவந்த செடியத் தூக்கினு போயி வெச்சா நம்புவாங்க. செவந்ததும் போலாம்" என்றாள். படித்த பொண்ணு, பாருங்கள். எனக்கும் சரி என்று பட்டது. அன்றைக்கே மாரியம்மன் எதிரே சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினேன், செட்டியார் சிவந்ததும் அவரையும் பொண்ணையும் கூட்டிக்கொண்டு எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏறுகிறேன் என்று.

சிவக்க வைப்பது லேசில்லை சம்பந்தி. நர்சரிக்காரரிடம் மறுபடி போனேன். "ஐப்பசியிலருந்து பொழுது சாஞ்சா பொழுது வெடியறவரைக்கும் கும்மிருட்டுல இருக்கணும் பெரியவரே. பகல்ல நல்ல வெயிலு, ராவுல பொட்டு வெளிச்சம் ஆவாது. பொட்டு பட்டாலும் செவக்காது" என்றார். எங்கள் விதி, எங்கள் வாசலுக்கு நேரே இந்த வருஷம்தான் புது லைட் போட்டார்கள், வெள்ளை வெளேரென்று, அதில் எறும்பு ஊர்வது தெரியும். வார்டு மெம்பரிடம் போய் அந்த லைட்டை அணைக்கச் சொன்னேன். "யோவ் பெரிப்பா, லைட்டு எரியலன்னு தெருத்தெருவா வந்து திட்றாங்க, நீ ஒருத்தன் எரியுதுன்னு திட்ற, இன்னா ஆச்சு உனுக்கு?" என்றான். சரி, வீட்டுக்குள் வைக்கலாம் என்றால் ஒரே அறை, அதில் அமிர்தம் டி.வி. பார்ப்பாள். டி.வி.யை நிறுத்துவதைவிடத் தெரு லைட்டை அணைப்பது லேசு.

பெரிய பாத்திரமாகக் கவிழ்த்து மூடலாம் என்றால், எங்களிடம் இருந்த பெரிய பாத்திரம் அந்தப் பித்தளை அண்டா ஒன்றுதான். அதைச் சீராக உங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்பவன் உறவை வேண்டாம் என்பவன், அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது. அண்டா உங்கள் வீட்டிலேயே, என் பொண்ணு கையாலேயே, நூறு வருஷம் துலங்கட்டும். அதனால் மாட்டுக்குத் தண்ணி வைக்கும் நீல டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தேன்.

நீல டிரம் கவிழ்ந்திருந்தால் நம் கல்வராயன்மலை அடிவாரத்தில் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு யோசனை இல்லை. பக்கத்து வீட்டு வேடியப்பன், மலையிலிருந்து இறங்கி வந்து இங்கே குடியிருப்பவன், முதல் நாளே சொன்னான். "யோவ், எங்க ஊருல இந்தச் செடி வேலியோரம் தானா செவந்து கெடக்குது, நீ டிரம்மு போட்டு மூட்ற. பாக்கறவன் சாராய ஊறல் போட்டுட்டன்னு நெனப்பான். நம்ம ஜில்லா பேரு கெட்டுக் கெடக்கற நேரம், எடுத்துடு" என்றான். நான் எடுக்கவில்லை. நாலாம் நாள் சாயந்திரம் ஜீப் வந்து நின்றது. இறங்கிய போலீஸ்காரர் லத்தியால் டிரம்மைத் தட்டினார். "உள்ள இன்னாயா?" என்றார். வீட்டுப் பழக்கத்தில், "செட்டியாரு சார்" என்றேன். அவர் நாலடி பின்னால் போய் இடுப்பில் கை வைத்தார். "உசுரோட இருக்காரா?" என்றார். "அத்துவுட்டேன் சார், இப்ப நல்லா இருக்காரு" என்றேன். அப்புறம் இலக்கியா ஓடி வந்து டிரம்மைத் தூக்கிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பாமல் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார், பால் மூக்கில் பட்டுவிட்டது. மூக்கு சிவந்ததுதான் மிச்சம். செடிக்கு வர வேண்டிய சிவப்பு என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஐப்பசி போச்சு, கார்த்திகையும் போச்சு. தினம் பொழுது சாய்ந்ததும் மூடுவேன், காத்து தள்ளாமல் மேலே ஒரு கல் வைப்பேன், வெயில் ஏறினதும் எடுப்பேன். பச்சை, பச்சை, பச்சை. சில நாள் காலையில் பார்த்தால் கல் டிரம் மேல் இல்லை, பக்கத்தில் கீழே இருக்கிறது. டிரம் நேற்று வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இருக்கிறது. வேடியப்பன் மேல் சந்தேகப்பட்டேன், அவனோடு பேச்சை நிறுத்தினேன். ஆட்டின் மேல் சந்தேகப்பட்டேன், அது ஏற்கனவே பேசுவதில்லை. இலக்கியாவைக் கேட்டேன்.

"காத்துப்பா" என்றாள்.

"காத்து கல்ல தள்ளும், சரி. எடுத்து பதனமா கீழ வெக்குமாம்மா?"

"கீழ்க்காத்து வெக்கும்ப்பா."

அவள் என்னவோ டிரம் மூடும் நேரத்தில் பக்கத்தில் நிற்க மாட்டாள், எழுந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவாள். தினம் சாயந்திரம், "செவந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்பாள். "இல்லம்மா" என்பேன். என் பிள்ளைக்கு எவ்வளவு ஏக்கம் பாருங்கள்.

நேற்றுக் காலையில், சம்பந்தி, மாரியம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள். டிரம்மைத் தூக்கினேன். உச்சியில் ஒரே ஒரு இலை, செக்கச்செவேல். பளபளவென்று மின்னுகிறது. நான் அங்கேயே விழுந்து கும்பிட்டேன். அமிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இலக்கியா பார்த்தாள், சந்தோஷத்தில் அவளுக்கு முகமே வெளுத்துவிட்டது, ஆடியில் பஸ்ஸிலிருந்து இறங்கினாளே, அப்படி. ஆகையால் சத்தியம் பண்ணினபடி, இந்த லெட்டர் உங்கள் கைக்கு வந்ததும், செட்டியாரையும் பொண்ணையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். அந்தச் சிவந்த இலையைப் பார்த்தாவது, அத்துவுட்டது எதை என்று நம்புங்கள். படிக்காதவன் வாயில் வந்த ஒரு வார்த்தைக்காக என் பிள்ளையின் வாழ்க்கையைத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் வீட்டு விளக்கு என்றும் நின்று எரியட்டும், சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு எங்கள் ரெண்டு பேருடைய ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட சம்பந்தி
பிச்சைமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குச் சோத்துப் பருக்கை எடுக்க உள்ளே போய்விட்டு வருகிறேன், இலக்கியா இந்த லெட்டரைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுத்துப் பிழை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"டிரம்ம தூக்கனது நான்தாம்பா" என்றாள்.

"இன்னாத்துக்கும்மா?"

"அது செவந்தா என்னிய அனுப்பிடுவியே."

அப்படியானால் அந்த ஒரு இலை எப்படிச் சிவந்தது என்று கேட்டேன். அதற்குள் அமிர்தம் அடுப்படியிலிருந்து, "கல்யாணத்துக்கு வாங்குன நகப்பாலீஷ்யா அது. தெனம் அந்த டிரம்முகிட்ட குந்திகினு நீ பெருமூச்சு வுடறத என்னால பாக்க முடியல, ஒரு எலைக்குத் தடவி வுட்டேன்" என்கிறாள். போய் நகத்தால் சுரண்டினேன். உரிந்து வந்தது. உள்ளே பச்சை.

சம்பந்தி, மாப்பிள்ளை தப்பாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லையாம். நான் ஏரிக்கரையிலிருந்து இறங்கி மோர் குடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அவர் அமிர்தத்தின் போனுக்குக் கூப்பிட்டு, "உங்கப்பா அத்துவுட்டுட்டேன்றாரு, நெஜமா?" என்று இலக்கியாவைக் கேட்டாராம். இவள் ஆமாம் என்றாளாம். அவ்வளவுதான் பேச்சாம். அவரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

"இத்தினி மாசமா எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீ எங்க என்னிய கேட்ட? செவந்துச்சா செவந்துச்சான்னு அதத்தான பாத்துகினு இருந்த. அதுக்கு இருட்டு வேணும்ப்பா, அது செடி. எனுக்கு இன்னாத்துக்கு?"

கதவைச் சாத்துவது நல்ல பழக்கம், கொசு வராது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வரியை அடித்துவிட்டேன். பேனாவை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, பேப்பர் கிழிந்து பின்பக்கமும் தெரிகிறது, மன்னிக்கவும். மீதியையும் அடிக்கலாம் என்று பார்த்தேன், கை வலிக்கிறது. செடியைப் பற்றி எழுதினது எல்லாம் சரி, வேறு யாராவது வளர்த்தால் அவர்களுக்கு உதவும். மாரியம்மனிடம் பண்ணின சத்தியத்துக்கும் பங்கமில்லை, செட்டியார் இன்னும் சிவக்கவில்லை. டிரம்மை மாட்டுக்கே வைத்துவிட்டேன். வேடியப்பனோடு பேசிவிட்டேன். செட்டியாரை வாசலில், லைட்டுக்கு நேர் கீழே வைத்திருக்கிறோம்.

அந்தப் பித்தளை அண்டாவை அனுப்பி வையுங்கள். செடியை மூட இல்லை. தண்ணி புடிக்க.